வேலை செய்தால் அடுத்த பஸ்

வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிய ஜங்கார் படகு கரையை விட்டு நகர்வதற்குள் ரஃபீனா சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் ஒருத்தரும் ஒரு வேலையும் செய்யக்கூடாது. துடைக்கக்கூடாது, மடிக்கக்கூடாது, துவைக்கக்கூடாது. யாரு கைய வெச்சாலும் அடுத்த பஸ்ஸுல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"சாயா ஆத்துறது வேலையில வருமா?" என்றாள் கற்பகம்.

"உங்களுக்கு நீங்களே ஆத்திக் குடிச்சா வேலை இல்லக்கா. அடுத்த ஆளுக்கு ஆத்துனா வேலை."

"அப்ப புருஷனுக்கு ஆத்துறது?"

"அது தண்டனை."

பக்கத்தில் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்களின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொன்மணி சிரிக்கவில்லை. ஜங்காரின் கம்பியில் யாரோ விட்டுப்போன மிட்டாய்க் காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எடுக்கப் போன விரலைப் பாதி வழியில் நிறுத்தி, கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். ரஃபீனா பார்த்துவிட்டாளோ என்று ஒரு பயம். பார்க்கவில்லை. அவள் தன் புது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூவரையும் சேர்த்து வைத்தது படுக்கை விரிப்புதான். ஃபோர்ட் கொச்சியில் பெரிய ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்பவள் பொன்மணி. அவள் உருவிக் கட்டுகிற விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கற்பகத்தின் சலவைக்கூடத்துக்குப் போகும். கற்பகம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் துவைக்கிற தமிழ்க் குடும்பம். துவைக்கும்போது கிழிசல் கண்ணில் பட்டால் தனியே எடுத்து வைப்பாள். அது மட்டாஞ்சேரியில் ரஃபீனாவின் தையல் கடைக்குப் போகும். ரஃபீனா ஒட்டுப் போட்டுக் கொடுத்தால் திரும்பவும் பொன்மணியின் கைக்கு வந்து சேரும். முகம் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் கையை ஒருவருக்குத் தெரியும். "இந்த ஒட்டுத் தையலு யாருது, இவ்வளவு சின்னதா?" என்று விசாரித்துக்கொண்டுதான் பொன்மணி முதன்முதலாக அந்தக் கடைக்குப் போனாள். கற்பகம் அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பழக்கம்.

செராய்க் கடற்கரைக்கு இரண்டு நாள் போகலாம் என்று ரஃபீனா சொன்னபோது பொன்மணியின் கணவன் சுப்புராஜ் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "கடலப் பாக்க பஸ் ஏறிப் போகணுமா? தெரு முக்குல தான கெடக்கு?"

காக்கநாட்டில் கட்டட வேலைக்குப் போகிற அவனுக்குக் கட்டடத்தைப் பார்க்க ஆசை வராதது போல அவளுக்கும் கடல் பெரிய ஆசையில்லை. அவளை உந்தியது வேறொன்று. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஓணம் கழிந்து ஹோட்டலில் கூட்டம் குறைந்தபோது அவளுக்கு நாலு நாள் விடுப்புக் கொடுத்தார்கள். முதல் நாள் வீட்டைக் கழுவினாள். இரண்டாம் நாள் கழுவின வீட்டையே திரும்பக் கழுவினாள். மூன்றாம் நாள் காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஹோட்டலுக்குப் போய், சாயங்காலம் வரை துவாலை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். வரும் வழியில்தான் அந்தக் கேள்வி வந்தது. இந்தக் கையைக் கழற்றி வைத்துவிட்டால் மிச்சம் யார் இருக்கிறார்கள் தனக்குள்? சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பது போல உள்ளே பார்த்தாள். பெருக்கித் துடைத்த அறை ஒன்று இருந்தது. ஆள் இல்லை.

ஆகவே இந்த இரண்டு நாளும் அவளுக்கு ஒரு பரீட்சை. விருந்தாளியாக இருந்து காட்டிவிட்டால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்த பஸ்ஸில் ஏற நேர்ந்துவிட்டால், இல்லை.

முதல் நாள் அவள் ஜெயித்தாள் என்றே சொல்ல வேண்டும்.

அவர்கள் தங்கிய வீடு கமலாக்ஷிச் சேச்சியுடையது. ஒரு பக்கம் காயல், இன்னொரு பக்கம் தெருவைத் தாண்டினால் கடல். மாடியில் ஒரே அறை, பெரிய கட்டில். வெள்ளை விரிப்பு. பொன்மணி கதவைத் திறந்ததும் கண்ணுக்குப் பட்டது கடலில்லை, விரிப்பின் கால்மாட்டு மூலை. மடிப்பு சரியில்லை, வெளியே தொங்கியது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"குளிருதா?" என்றாள் கற்பகம்.

"இல்லக்கா."

"பின்ன எதுக்குக் கோழி முட்ட மேல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க?"

சாயங்காலம் கட்டியிருந்த துணியோடு கடலில் இறங்கினார்கள். இறங்குவதாக உத்தேசமே இல்லை. கால் நனைக்கத்தான் போனார்கள். கற்பகம் ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் ரஃபீனாவின் தோளைப் பிடித்து, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் அலை மூன்று பேரையும் மொத்தமாக உட்கார்த்திவிட்டுப் போனது. ஒருத்தியை எழுப்பப் போன இன்னொருத்தி விழ, அவளைப் பார்த்துச் சிரித்த மூன்றாமவள் வாயில் உப்புத் தண்ணீர் போக, கடைசியில் எழுந்திருக்கும் யோசனையையே கைவிட்டார்கள். பொன்மணிக்குத் தன் சிரிப்புச் சத்தம் புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சிரிப்பது போலக் கேட்டது.

அன்று அவள் வேறொருத்தி விரித்த படுக்கையில் நடுவில் படுத்தாள். ஹோட்டல் அறையில் படுத்துப் போனவர்களைப் பற்றி விரிப்பே அவளுக்குச் சொல்லிவிடும். ஓரமாகச் சுருண்டு படுத்தவர்கள், அழுதவர்கள், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிப் படுத்த புதுத் தம்பதி. நாளை இந்த விரிப்பை உருவுகிறவளுக்குத் தன்னைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை திட்டம் இதுதான். உடுத்தியிருக்கும் நைட்டியோடு போய்க் கடலில் ஒரு முழுக்கு. திரும்பி வந்து, நல்ல துணி உடுத்தி, கடற்கரை வழியாகவே முனம்பம் வரைக்கும் நடை. ரஃபீனா அதை நடை என்று ஒத்துக்கொள்ளவில்லை. ட்ரெக்கிங் என்றாள்.

"மலை எங்க இருக்கு?" என்றாள் கற்பகம்.

"வழியில கருங்கல் சுவர் இருக்குக்கா. அதுல ஏறி எறங்கணும்."

"இதுக்கா ஷூ வாங்குன?"

கற்பகம் மூவரின் மாற்றுத் துணிகளையும் பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். தன் பச்சைச் சேலை, ரஃபீனாவின் சுரிதார், பொன்மணியின் சுரிதார். நேற்றைய ஈரத் துணி ஒரு மூலையில் மணலோடு கிடந்தது. "வேலை செய்யக்கூடாதுன்னா பிழியவும் கூடாது" என்று தீர்ப்பாகியிருந்தது. இரண்டு பேரும் படியில் தடதடவென்று இறங்கினார்கள். கதவைப் பூட்டிச் சாவியைக் கமலாக்ஷியிடம் கொடுத்துவிட்டு வரும் பொறுப்பு பொன்மணிக்கு. கீழேயிருந்து ரஃபீனா, "அக்கா, கடலு வத்திடப் போவுது, வாங்க" என்று கூப்பிட்டாள். "இந்தா வாரேன்" என்று பொன்மணி மேலேயிருந்து பதில் சொன்னாள். அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

திரும்பி வந்தபோது மூவர் மேலிருந்தும் தண்ணீர் சொட்டியது. கற்பகம்தான் முதலில் கதவைத் திறந்தாள். திறந்து அப்படியே நின்றாள்.

கட்டிலில் வெறும் மெத்தை. விரிப்பு இல்லை. தலையணைகள் உறையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல். துவாலைகள் இல்லை. மூலையில் ஈரத் துணி இல்லை. பச்சைச் சேலை இல்லை. சுரிதார் இரண்டும் இல்லை.

"படச்சவனே, திருட்டு" என்று ரஃபீனா நெஞ்சில் கை வைத்தாள். அலமாரியைத் திறந்தாள். கைபேசிகள் இருந்தன, பர்ஸ் இருந்தது. "துணிய மட்டும் எடுத்துட்டுப் போற திருடன் எந்த ஊர்லக்கா?"

கற்பகம் தலையணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் பொன்மணியைப் பார்த்தாள்.

பொன்மணிக்கு அப்போது தெரிந்துவிட்டது. மனசுக்குத் தெரியாமல் கை செய்தது. "இந்தா வாரேன்" என்று வாய் சொன்ன நேரத்தில் கை உறைகளை உருவியிருக்கிறது, கிடந்த துணி அத்தனையும் வாரி விரிப்பின் நடுவில் போட்டிருக்கிறது, நாலு மூலையையும் இழுத்து ஒரே முடிச்சாகப் போட்டு மூட்டையைக் கதவுக்கு வெளியே வைத்திருக்கிறது. தினம் பதினைந்து அறை செய்கிற வேலை. பதினாறாவதாக இது.

"நாந்தான்" என்றாள். "நாந்தாங்கா கட்டி வெளிய வெச்சிருக்கேன்."

படியேறி வந்த கமலாக்ஷி மூன்று நனைந்த பெண்களையும் வெறும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "அய்யோ மோளே, துணி அலக்குற வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயல்லோ. பரவூர்ல மெஷின். இனி சாயந்தரம்தான் வரும்."

கற்பகத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பொன்மணி பதறினாள். அழுகையில்லை. கற்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரஃபீனாவுக்கும் பற்றிக்கொண்டது. அவள் அலமாரிக் கதவில் தலையை முட்டி முட்டிச் சிரித்தாள்.

பொன்மணிக்குச் சிரிப்பு வரவில்லை. சொட்டுகிற நைட்டியோடு நின்றுகொண்டு தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். முடிந்தது என்று தோன்றியது. தூக்கத்தில் நடக்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். விழித்திருக்கும்போதே வேலைக்குப் போய்விட்டு வருகிறவள் தான் ஒருத்திதான். உள்ளே ஆள் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. இருந்தால் தடுத்திருப்பாளே.

"நா போயி வாங்கிட்டு வாரேன்" என்றாள். "பரவூரு கிட்டத்துல தான? ஆட்டோல போயிட்டு வந்துருதேன். நீங்க ரெண்டு பேரும் போர்வையப் போத்திட்டு உக்காருங்க."

"இப்படியேவா?" என்றாள் ரஃபீனா.

"காத்துல காஞ்சிரும்."

"போனா வர மத்தியானம் ஆகும். முனம்பம்?"

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நா இங்க வந்து ரூம ஒதுக்கி..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போங்க. டூட்டியிலதான் இருக்கீங்க நீங்க" என்றாள் ரஃபீனா. சிரிப்பு போய்விட்டிருந்தது. கோபத்தில் இல்லை, வருத்தத்தில் சொன்னது போல இருந்தது. அதுதான் கூடுதலாகச் சுட்டது. பொன்மணி படியை நோக்கித் திரும்பினாள்.

"பொன்னு, நில்லு" என்றாள் கற்பகம். அவள் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கமலாக்ஷியைக் கேட்டாள். "சேச்சி, சேலையும் துவைப்பானா அவன்?"

"எல்லாம் அலக்கும். ஒன்றாயிட்டுப் போடும்."

"தேச்சும் தருவானா?"

"தேச்சு மடக்கித் தரும்."

கற்பகம் பொன்மணியின் பக்கம் திரும்பினாள். "எனக்கு வயசு அம்பது தாண்டியாச்சு. பொறந்ததுல இருந்து என் துணிய இன்னொருத்தன் துவைச்சது இல்ல, கேட்டியா? பிரசவத்துக்குப் படுத்த அன்னிக்கும் நான்தான் துவைச்சேன். இப்ப பரவூர்ல எவனோ ஒருத்தன் நின்னு என் பச்சைச் சேலைய மெஷின்ல போட்டுட்டு இருக்கான்." அவள் முகம் சிவந்தது. "போயி வாங்கிட்டு வந்து கெடுத்துடாதடி. அவன் நல்லா துவைக்கட்டும்."

"அக்கா, அவன் சாயம் போக வெச்சுட்டா?"

"போகட்டும். நானும் திட்டிப் பாக்கணும்ல. எத்தன பேரு என்னைத் திட்டியிருப்பாங்க."

ரஃபீனா திரும்பச் சிரிக்க ஆரம்பித்தாள். பொன்மணி படியின் உச்சியில் நின்றாள். போனால் குற்றம் தீரும். போகாவிட்டால் குற்றத்தோடுதான் நாள் முழுக்க இருக்க வேண்டும். விருந்தாளிகள் அப்படித்தான் இருக்கிறார்களோ? பாத்ரூம் முழுக்க மணலைக் கொட்டிவிட்டு, கண்ணாடியில் பற்பசையைத் தெறிக்கவிட்டு, ஒரு 'ஸாரி' கூடச் சொல்லாமல் கடலைப் பார்க்கப் போகிறார்கள். அதை அவள் திமிர் என்று நினைத்திருந்தாள். அவ்வளவு சுலபமில்லை போலிருக்கிறது அது. இந்தப் படியிலிருந்து திரும்புவது பதினைந்து அறை செய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

திரும்பினாள்.

"அப்ப எதைக் கட்டிட்டுப் போறது?" என்றாள்.

கமலாக்ஷி உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அவர் சேலை கட்டுவதில்லை, அவருடைய நைட்டிகள் கற்பகத்தின் பாதிக்குக்கூடப் பற்றாது. பெட்டியில் இருந்தது மஸ்கட்டுக்குப் போய்விட்ட மகன் ஊர்க் கிளப்பில் ஆடிய காலத்து ஜெர்சிகள். பளீரென்ற மஞ்சள். கூடவே வெள்ளை வேட்டிகள்.

"மகன் கோபப்பட மாட்டானா?" என்றாள் ரஃபீனா.

"அவன் வயிறு இப்ப இதில் நுழையாது."

கற்பகத்துக்குக் கோல்கீப்பர் சட்டை வந்தது. முழுக்கை, பச்சை. "சேலைதான் போச்சு, நெறம் போகல" என்றாள். ரஃபீனாவுக்கு ஏழாம் நம்பர். தலையில் போடும் தட்டமும் ஈரமாகியிருந்ததால் கமலாக்ஷி ஜரிகைக் கரை போட்ட நேரியது ஒன்றைக் கொடுத்தார். தலையில் நேரியது, மேலே ஏழாம் நம்பர், கீழே வேட்டி, காலில் ட்ரெக்கிங் ஷூ. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல பாத்தா மூணு நாளைக்குச் சோறு தரமாட்டாங்க" என்று திருப்தியோடு சொன்னாள்.

பொன்மணிக்குப் பத்தாம் நம்பர். வேட்டி கட்டத் தெரியவில்லை. கமலாக்ஷி தானே முன்னால் முட்டி போட்டு, இடுப்பைச் சுற்றி இழுத்து, ஓரத்தை மடித்துச் செருகினார். பொன்மணி கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒருவர் தனக்கு உடுத்திவிட்டு எத்தனை காலம் இருக்கும்? கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொங்கவிட்டால் அவர் தலையில் படும், கட்டிக்கொண்டால் மரியாதையில்லை. அப்படியே தூக்கியபடி நின்றாள்.

"பொன்னு, போலீஸ் யாரும் வரல. கைய எறக்கு" என்றாள் கற்பகம்.

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி, விக்கலைப் போல, நிறுத்த முடியாமல். செருகிய வேட்டி அவிழ்ந்துவிட்டது. கமலாக்ஷி முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று.

கடற்கரையில் அவர்களைப் பார்த்துப் பார்க்காதது போலப் போனவர் ஒருவரும் இல்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. இளநீர்க் கடைக்காரர், "எது டீமு சேச்சி?" என்று கேட்டார். "மட்டாஞ்சேரி" என்றாள் ரஃபீனா கொஞ்சமும் யோசிக்காமல். "ஜெயிச்சிட்டு வர்றோம்."

"ஆட்டம் எவிடே?"

"பரவூர்ல. துணிக்கும் எங்களுக்கும்."

கருங்கல் சுவர் வந்தது. அலை அரிக்காமலிருக்க ஆளுயரத்துக்குக் கொட்டிய பாறைகள். ஷூ போட்டிருந்த ரஃபீனா தவிர மற்ற இரண்டு பேரும் அதில் சுலபமாக ஏறினார்கள். ரஃபீனா நடுவில் மாட்டிக்கொண்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல், "இதுதான் ட்ரெக்கிங், இதுதான் ட்ரெக்கிங்" என்று ஓதுவது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். கற்பகம் அவளை வேட்டியின் முடிச்சைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"அக்கா, அதைப் பிடிக்காதீங்க. அதைத் தவிர எங்கே வேணாலும் பிடிங்க."

சுவர் மேல் நின்றபோது காற்று ஜெர்சிக்குள் புகுந்து உப்பியது. ஒரு பக்கம் காயலில் சீனவலைகள் தலை கவிழ்ந்திருந்தன. இன்னொரு பக்கம் கடல் யாருக்காகவும் ஒழுங்கு செய்யப்படாமல், கலைந்து, நுரையும் சருகுமாகக் கிடந்தது. பொன்மணி பார்த்துக்கொண்டே நின்றாள். இதை யாரும் இழுத்துச் சரிசெய்யத் தேவையில்லை என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. கையை வெறுமனே வைத்துக்கொண்டு நிற்பதை உணர்ந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாள் என்று தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். பிறகு, இப்போது எதற்கு என்று விட்டுவிட்டாள்.

முனம்பம் நெருங்கும்போது மணல் அகன்றது. படகு வேலைக்குப் போகாத ஏழெட்டு ஆட்கள் செருப்புகளைக் கோல் கம்பமாக வைத்துப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஜெர்சிகளைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது.

"ஏய், பத்தாம் நம்பர் வருது" என்றான் ஒருவன். அடுத்த நொடி பந்து உருண்டு வந்து பொன்மணியின் காலடியில் நின்றது.

"சேச்சி, இங்கோட்டு!" என்று தன் பக்கம் கையைக் காட்டினான்.

அவள் குனிந்தாள். பந்தில் மணல் ஒட்டியிருந்தது. தட்டி, துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அதற்காகக் கை நீண்டுவிட்டது. இந்தத் தடவை அது நீள்வதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நிமிர்ந்தாள். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி மடித்துக் கட்டினாள். இரண்டடி பின்னால் போனாள்.

உதைத்தாள்.

கால் கட்டைவிரலில் மின்னல் வெட்டியது. பந்து அவர்கள் பக்கம் போகவே இல்லை. காற்றில் ஏறி, வளைந்து, இடது பக்கமாக அவர்கள் எல்லோர் தலைக்கும் மேலே போய்க் கடலில் விழுந்தது. ஆட்கள் "ஓ" என்று ஒரே குரலில் கத்தினார்கள். கற்பகம் கோல்கீப்பர் கைகளைத் தலையில் வைத்துக்கொண்டாள். ரஃபீனா மணலில் முட்டி போட்டுக் கும்பிட்டாள்.

"எந்து அடியாணு சேச்சி" என்றான் அந்த ஆள் பிரமிப்போடு. பிறகு கடலைக் காட்டினான். "இனி போயி எடுத்துத் தா."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தவறு. அவள்தான் போய் எடுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு, இடுப்பளவு நனைந்து, எடுத்துத் துடைத்துக் கொடுக்க வேண்டும். நேற்றுவரை அப்படித்தான் செய்திருப்பாள்.

பொன்மணி அப்படியே மணலில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள். விரல் விண்விண் என்று தெறித்தது.

"நா லீவுல இருக்கேன்" என்றாள். "நீங்களே போயி எடுத்துக்குங்க."

அந்த ஆள் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றித் தோழனிடம் எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். அலை பந்தைக் கரைப் பக்கம் கொஞ்சம் தள்ளியது, பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே போனது. அவன் கை எட்டும்போதெல்லாம் அது ஒரு சாண் விலகியது. பொன்மணி முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.